நான்காம் பக்கம், மூன்றாம் பத்தி

புனேயின் பாணேரில் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை நான் கதை சொல்வது வழக்கம். கற்பனைக் கதை அல்ல, நடந்த கதை. ஒரு மாதம் வரலாறு, அடுத்த மாதம் இசை, பிறகு குற்றம், பிறகு அறிவியல், மறுபடி வரலாறு. கேட்க வருபவர்கள் புனேயில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கராடியிலிருந்துகூட டிராஃபிக்கைக் கடந்து சிலர் வருவார்கள். குழந்தைகள் பின்வரிசையில் உட்கார்ந்து மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசிக்கொண்டிருக்கும். குற்றம் வரும் மாதத்தில் மட்டும் தாமாகவே முன்வரிசைக்கு வந்துவிடும்.

ஆச்சரியம் இல்லாத எதையும் நான் எடுப்பதில்லை. 1752ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செப்டம்பர் இரண்டாம் தேதி இரவு படுத்தவர்கள் காலையில் எழுந்தபோது தேதி பதினான்கு. நாட்காட்டியைச் சரிசெய்ததில் நடுவில் இருந்த நாட்கள் சட்டப்படி இல்லாமல் போயின. இதைச் சொன்ன அன்று ஒரு மென்பொருள்காரர், "அந்த மாசம் சம்பளம் முழுசா போட்டாங்களா சார்?" என்று கேட்டார். சபை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. எங்கள் நாட்களைத் திருப்பிக் கொடு என்று மக்கள் தெருவில் இறங்கிக் கலவரம் செய்ததாகப் பல புத்தகங்களில் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. தேடிப் போனால் ஒரு புத்தகம் இன்னொன்றைப் பார்த்து எழுதியிருந்தது, அது வேறொன்றைப் பார்த்து எழுதியிருந்தது. கலவரத்தைக் கண்ணால் கண்டவர் என்று ஒருவரும் கிடைக்கவில்லை.

இரண்டு சாட்சி என்பது என் விதி. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் ஒரே செய்தி இருந்தால்தான் அது என் வாயிலிருந்து வரும். ஓய்வு பெறும்வரை ராணுவக் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் நான். ஒரே கையெழுத்தோடு வந்த எதையும் மேலே அனுப்பிப் பழக்கமில்லை. கதை முடிந்ததும், முதல் சாட்சி இது, இரண்டாவது சாட்சி இது என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். அந்த நேரம் பார்த்துத்தான் பலர் பக்கோடாத் தட்டை நோக்கி எழுந்து போவார்கள். போகட்டும். எனக்குக் கதை அங்கேதான் முடிகிறது.

அந்த இரண்டாவது சாட்சியைப் பெரும்பாலும் தேடித் தந்தவர் என் நண்பர். திருநெல்வேலிக்காரர், வங்கியில் இருந்தவர். நானும் அவரும் ஒரே வருடம் புனேக்கு வந்தோம். பழைய நகரத்தின் ராஸ்தா பேட்டில் ஒரே அறையில் தங்கி, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் ஒரே தெருவில் வீடு பிடித்தோம். பிறகு நான் மகனோடு பாணேருக்கு வந்துவிட்டேன், அவர் அங்கேயே இருந்துவிட்டார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் பஸ் ஏறி இறங்குவதும் குறைந்துவிட்டது. பழைய நூலகங்கள் எல்லாம் நகரத்துக்குள் இருக்கின்றன, அவருக்கு நடக்கும் தூரம். "நீரு கெடையும் வே. என்ன வேணும்னு சொல்லும், நான் போய்ப் பாத்துட்டு வாரேன்," என்று அவராகவே ஏற்றுக்கொண்டார். நான் முதல் சாட்சியைச் சொல்வேன். சில நாளில் போன் வரும். "பாத்தாச்சு வே, இருக்கு," என்பார். சில சமயம் "இல்ல" என்பதும் உண்டு. அந்த "இல்ல" வந்தால் அந்தக் கதையை அப்படியே எடுத்து வைத்துவிடுவேன். அவர் "இல்ல" என்றும் சொல்கிறவர் என்பதாலேயே "இருக்கு" என்றபோது நான் மறுகேள்வி கேட்டதில்லை.

நான் சொன்னவற்றிலேயே பெயர் வாங்கியது தம்புரா கதை. 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்து, கீழே கடக்வாஸ்லா அணையும் தாங்காமல் போய், புனேயின் ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. இது ஊருக்கே தெரிந்த வரலாறு. கதை அதற்குள் இருக்கிறது. ஆற்றோரம் இருந்த ஒரு சங்கீத ஆசிரியரின் வீட்டிலிருந்து ஒரு தம்புரா மிதந்து போயிற்று. தம்புராவின் குடம் காய்ந்த சுரைக்காய். உள்ளே வெறும் காற்று. வீடு சரிந்தது, அலமாரி மூழ்கியது, தம்புரா மட்டும் படகுபோலப் போய்ப் பல மைலுக்கு அப்பால் ஒரு மரத்தின் கிளையில் மாட்டிக்கொண்டது. வெள்ளம் வடிந்த பிறகு அதை இறக்கினார்கள். தந்திகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் இருந்தது. மீட்டிப் பார்த்தார்கள். சுருதி கலையாமல் இருந்தது.

முதல் சாட்சி எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற ஒரு மராத்தி எஞ்சினியர். சிறுவனாக அந்த மரத்தடியில் நின்று பார்த்ததாகச் சொன்னவர். ஆனால் அந்த வயதில் பார்த்தது, இத்தனை வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கும்? இரண்டாவது சாட்சி வேண்டியிருந்தது. நண்பரிடம் சொன்னேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போன் வந்தது.

"இருக்கு வே. ஆத்தங்கர லைப்ரரியில பாத்தேன். வெள்ளம் முடிஞ்சு அந்த ஜூலைப் பேப்பர்ல வந்திருக்கு. நாலாம் பக்கம், மூணாம் பத்தி. சின்ன நியூஸுதான்."

"சுருதியைப் பத்தி இருக்கா?"

"அதுவும் இருக்கு. அதச் சொல்லத்தான போன் பண்ணேன்!"

நான்காம் பக்கம், மூன்றாம் பத்தி. கதை சொன்ன அன்று இந்தச் சொற்களை எவ்வளவு சந்தோஷத்தோடு சபையில் சொன்னேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. வழக்கமாகப் பக்கோடாவுக்கு எழுந்து போகிறவர்கள்கூட அன்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, கராடியில் வேலை பார்க்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் என் கதைகளையெல்லாம் புத்தகமாகப் போட வேண்டும் என்று வந்தாள். கூட்டங்களில் போனில் பதிவு செய்துவைத்திருந்ததைக் கேட்டுக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டச்சு செய்து, சென்னையில் ஒரு சிறு பதிப்பாளரையும் அவளே பிடித்தாள். அச்சுக்கு முந்தைய பிரதி மின்னஞ்சலில் வந்தது. அதற்கு நான் எழுதிய முன்னுரையின் முதல் வாக்கியமே, இந்தப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு சாட்சி உண்டு என்பதுதான். வாழ்க்கையில் பெருமையோடு நான் எழுதிய ஒரே வாக்கியம் என்றும் சொல்லலாம்.

"அங்கிள், தம்புரா கதைக்கு அந்தப் பேப்பர் ஃபோட்டோ ஒண்ணு போட்டா சூப்பரா இருக்குமுங்க. கிடைக்குங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, கிடைக்கும்," என்றேன்.

நண்பரிடம் சொன்னேன். முதல் வாரம், நூலகம் விடுமுறை என்றார். அடுத்த வாரம் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். அதற்கடுத்து, "பைண்டிங் பண்ணக் குடுத்திருக்காக வே, வரட்டும்," என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயிலில் அவரை இத்தனை தடவை நடக்கவைக்கிறோமே என்றுதான் சங்கடமாக இருந்தது. அவரிடம் சொல்லாமல் நானே போய் எடுத்து வந்துவிடலாம், அவருக்கு ஒரு நடை மிச்சம் என்று ஒரு காலையில் ஆட்டோ பிடித்தேன்.

அவர் சொன்ன நூலகம் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வாசிப்பறைச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு சிவப்புக் கோடும் அதன் பக்கத்தில் மராத்தியில் தேதியும். வெள்ளம் நின்ற மட்டம் அது. இந்தப் பக்கத்துக் கட்டடங்கள் சிலவற்றில் அப்படிக் கோடு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே மேசைக்குப் போய், 1961 ஜூலை மாதத்துப் பத்திரிகைத் தொகுப்பு வேண்டும் என்றேன்.

நூலகர் நடுவயதுப் பெண். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஜூலை ஏக்ஸஷ்ட்? நாஹி காகா," அறுபத்தொன்று ஜூலை இல்லை என்று சொல்லிச் சுவரில் இருந்த கோட்டைக் காட்டினார். வெள்ளத்தில் இந்த அறையே மூழ்கிவிட்டது, அதுவரை சேர்த்திருந்த பத்திரிகைகள் எல்லாம் சேறாகிப் போயின, நூலகம் பல மாதம் பூட்டிக் கிடந்தது, மறுபடி பத்திரிகை வாங்கத் தொடங்கியதே அடுத்த வருடம்தான் என்றார். பைண்டிங்குக்குப் போயிருக்கிறதா என்று கேட்டேன். இல்லாததை எப்படி பைண்டிங்குக்கு அனுப்புவோம் என்று சிரித்தார். அந்த மாதத்துத் தொகுப்பு இங்கே எப்போதாவது இருந்ததா என்று மறுபடி கேட்டேன். கதி நாஹி, எப்போதும் இல்லை என்றார்.

வெள்ளத்தைப் பற்றிய செய்தியை, வெள்ளத்தில் மூழ்கிப் பூட்டிக் கிடந்த நூலகத்தில் பார்த்ததாக ஒருவர் சொல்லியிருக்கிறார். நானும் அதை நம்பி, அந்த நூலகத்தின் பெயரோடு சபையில் சொல்லியிருக்கிறேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு நூலகமாக இருக்கலாம், அவர் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று மனம் அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தது. ஆனால் இதே நூலகத்தின் பெயரைச் சொல்லிப் பைண்டிங் என்றது போன வாரம். அதற்கு ஒரு வாதமும் கிடைக்கவில்லை.

அங்கிருந்து நேராக ராஸ்தா பேட்டுக்குப் போனேன். நண்பர் பனியனோடு உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! என்ன வே, சொல்லாமக் கொள்ளாம? முட்டு தாங்குதா? உக்காரும். காப்பி போடுதேன்."

"காப்பி இருக்கட்டும். லைப்ரரிக்குப் போய்ட்டுத்தான் வரேன்."

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நான் எந்த நூலகம் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"பைண்டிங் இன்னும் வரலியாக்கும்," என்றார், என்னைப் பார்க்காமல்.

"அந்த மாசம் அங்க பேப்பரே கெடையாது. வெள்ளத்துல அந்த ரூமே முழுகிடுச்சு. சுவத்துல கோடு போட்டு வெச்சிருக்காங்க. நீரு லைப்ரரிக்குள்ள போயிருந்தா முதல்ல அந்தக் கோடுதான் கண்ணுல பட்டிருக்கும்."

அவர் சிரித்தார். மாட்டிக்கொண்டதற்கு வெட்கச் சிரிப்பு. அதில் பயம் இல்லை. மெஸ்ஸில் சீட்டாடும்போது ஏமாற்றிப் பிடிபட்டால் சிரிப்பாரே, அதே சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அப்போதுதான்.

"சரி, விடும். போகல. வெயிலு. வாசல் வரைக்கும் போனேன்னு நெனைக்கேன்."

"நாலாம் பக்கம், மூணாம் பத்தின்னு சொன்னீரே?"

"அப்படிச் சொன்னாத்தான நீரு நம்புவீரு!"

 இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னை எவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார் என்பது அந்த ஒரு வரியில் இருந்தது. எண் இருந்தால் நான் மயங்கிவிடுவேன் என்று தெரிந்து எண் சொல்லியிருக்கிறார்.

"இது ஒண்ணுதானா?"

அவர் ரிமோட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல? இது ஒண்ணுதானா?"

"எல்லாத்தையும் பொய்யின்னு நெனச்சிராதேயும். ஆரம்பத்துல ஒவ்வொண்ணுக்கும் போனேன். தூசி, தும்மல், ஒவ்வொரு லைப்ரரியிலயும் நூறு தடவ கெஞ்சணும். போகப் போக, சிலதுக்குப் போனேன், சிலதுக்குப் போகல."

"எதுக்கெல்லாம் போகல?"

"அது ஆருக்கு ஞாபகம் இருக்கு?"

"அந்த வங்காளக் கொலை? பஞ்சாங்கத்துல கட்டைவிரல் ரேகை விழுந்தது?"

அந்தக் கதையை முன்னே சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டார். அங்கே கிடந்த பஞ்சாங்கத்தில் ரத்தக் கறையோடு ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகை பழைய வேலைக்காரனுடையது. ஆனால் நீதிமன்றம், ரேகை அவன் அங்கே இருந்ததைத்தான் காட்டுகிறது, கொன்றதைக் காட்டவில்லை என்று, திருட்டுக்கு மட்டும் தண்டித்தது. இவ்வளவையும் நானே இரண்டு இடத்தில் பார்த்தேன். ரேகை விழுந்தது கொலை நடந்த அதே தேதியின் பக்கத்தில்தான் என்று ஒரு பழைய இதழில் மட்டும் இருந்தது. அதற்கு இரண்டாவது சாட்சி நண்பர். அன்று குழந்தைகள் எல்லாம் மூச்சுவிடாமல் கேட்டதே அந்த இடத்தைத்தான்.

"அதுவா... அது போனேனா போகலையான்னு..." என்று இழுத்தார். பிறகு குரல் மாறிவிட்டது. "இங்க பாரும். நீரு ஒரு கதையைத் தூக்கிட்டு வருவீரு. முகமெல்லாம் சிரிப்பா இருக்கும். நான் இல்லன்னு சொன்னா, போன்லயே உம்ம சத்தம் செத்துப்போவும். எத்தன நல்ல கதைய அப்படி மூட்டை கட்டிப் போட்டீரு! என்ன, கோர்ட்டா நடத்துதோம்? முப்பது பேரு வாராக, கேக்காக, சந்தோசமாப் போறாக. ஆருக்கு என்ன நட்டம்?"

"அப்ப இல்லன்னு சொன்னதெல்லாம்?"

"நடுவுல ஒண்ணு ரெண்டு இல்லன்னு சொல்லணும்லா," என்றார்.

அதைக் கேட்டபின் அங்கே உட்கார முடியவில்லை. அப்படியென்றால் நான் எடுத்து வைத்துவிட்ட கதைகளில் உண்மையானவையும் இருக்கலாம். நூலகம் பக்கமே போகாமல், மற்றவை நம்பும்படியாக இருக்க வேண்டுமே என்று அவற்றைப் பலி கொடுத்திருக்கிறார். எழுந்தேன். "காப்பி குடிச்சிட்டுப் போம் வே," என்று வாசல்வரை வந்தார். படிக்கட்டில் என் கையைப் பிடிக்க வந்தார், முழங்காலுக்காக. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணன் அப்படித்தான். விடுங்க," என்றாள். அதில் அதிர்ச்சி இல்லை என்பது எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

கையைக் கழுவினாள். "போன வருஷம் ஒரு தடவ போன் பண்ணாரு. நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. 'என்ன கதைக்கு இவரு காத்துட்டிருக்காரு, எனக்கு மறந்துபோச்சு, என்ன சொல்லணும்?'னு கேட்டாரு. அப்பவே புரிஞ்சுது."

"நீ என்ன சொன்ன?"

"கதைய ஞாபகப்படுத்தினேன். இருக்குன்னே சொல்லிடுங்க அண்ணான்னு சொன்னேன்."

"ஏன்?"

"ஏன்னா, கால் ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க வீட்டுல முகம் குடுத்துப் பேசினதே அந்த சனிக்கிழமைய வெச்சுத்தான். அதையும் கெடுக்கச் சொல்றீங்களா?"

அன்பினால்தான் செய்தாள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். இருவரும் சேர்ந்து என்னை ஒரு சின்னப் பையனைப்போல, விளையாட்டில் வேண்டுமென்றே தோற்றுச் சந்தோஷப்படுத்தியிருக்கிறார்கள். பகைவர்கள் ஏமாற்றியிருந்தால் கோபப்படவாவது வழி இருந்திருக்கும். அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாளும் அவளோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

பிறகு புத்தகப் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு கதைகளைப் பிரித்தேன். இரண்டு சாட்சியையும் நானே கண்ணால் பார்த்தவை ஒரு பக்கம், நண்பர் சொல்லி எடுத்துக்கொண்டவை ஒரு பக்கம். 1868 ஆகஸ்டில் நம் நாட்டில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைப் பார்த்தார்கள். அது ஒரு புதிய வாயுவின் அடையாளம் என்று பின்னால் தெரிந்தது. பூமியில் அந்த வாயு கைக்குக் கிடைக்க மேலும் பல வருடம் ஆயிற்று. ஹீலியம். அது நின்றது. காணாமல் போன நாட்கள் நின்றன. வங்காளத்துப் பஞ்சாங்கம் பாதி நின்றது. இசையில் ஏறக்குறைய ஒன்றும் நிற்கவில்லை. இசைக் கதைகளுக்குத்தான் மராத்தி நூலகங்களில் அதிகம் தேட வேண்டியிருந்தது. நண்பரை அதிகம் நம்பியதும் அங்கேதான்.

கோயம்புத்தூர்ப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். 

"மொத்தமா எடுத்துட்டா பாதிக்கு மேல போயிருமுங்க அங்கிள். புக்கே நிக்காது. ஒண்ணு பண்ணலாம். அந்தக் கதைக்கெல்லாம் 'சொல்லப்படுகிறது'ன்னு போட்டுடலாமுங்களா?"

"யாரால சொல்லப்படுது? என்னாலதானே."

"யாருங்க அங்கிள் செக் பண்ணப் போறாங்க?"

"அதைத்தான் அவரும் சொன்னார்."

 "நான் ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமையெல்லாம் இதுக்குத்தான் குடுத்தேன். உங்க ஃப்ரெண்டு பண்ணதுக்கு எனக்கு எதுக்குங்க தண்டனை?"

 மன்னிக்கச் சொன்னேன். ஆனால் அந்த முன்னுரையின் முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தை வெளியிட முடியாது, அந்த வாக்கியம் இல்லாமல் எனக்குப் புத்தகமே வேண்டாம் என்றேன். பதிப்பாளருக்கு அவள்தான் தகவல் சொன்னாள். அதன் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை.

அடுத்த கூட்டத்தன்று சபையில் எழுந்து நின்று, எந்தெந்தக் கதைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று வாசித்தேன். நண்பர் வந்திருக்கவில்லை. அவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாட்சி போதவில்லை என்று மட்டும் சொன்னேன். யாராவது கோபப்படுவார்கள், இத்தனை நாள் பொய்யா சொன்னீர்கள் என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் போயிருந்தேன்.

ஒருவர் கையைத் தூக்கினார். "சார், தம்புரா இருக்கா, போச்சா?"

"போச்சு."

"அடடா. அதுதான் சார் டாப்பு. எம் பொண்ணு அதை மராத்தில ஸ்கூல்ல சொல்லி ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வாங்கிட்டா."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சிறுமி எழுந்து வெட்கத்தோடு வணங்கினாள். "அவ மரத்துல மாட்டினது மட்டும் இல்ல சார், மேல ஒரு குருவி வேற கூடு கட்டியிருந்துச்சுன்னு சேத்துட்டா!" என்றார் அப்பா, பெருமையோடு. எங்கோ ஒரு பள்ளியில் நடுவர்களாக உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் குருவியோடு சேர்த்து அதை நம்பிவிட்டார்கள். "இன்னொரு தடவ சொல்லுங்க சார், குழந்தைங்க கேக்கறாங்க," என்று யாரோ சொன்னார்கள். நான் ஹீலியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதல் சாட்சி, இரண்டாவது சாட்சி என்று சொல்லத் தொடங்கியபோது பக்கோடா வந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு நண்பர் போன் செய்தார். நாங்கள் அவ்வளவு நாள் பேசாமல் இருந்ததே கிடையாது.

"எல்லாக் கதையையும் எழுதி அனுப்பும் வே. ஒண்ணு விடாமப் போய்ப் பாத்துட்டு வாரேன். எனக்கு வேற என்ன வேல?"

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வரவில்லை. "பார்த்தா ஃபோட்டோ எடுத்து அனுப்பும்," என்றேன்.

 "ஃபோட்டோவா? சரி வே," என்றார். அவர் மனம் எந்த இடத்தில் அடிபட்டது என்று எனக்குத் தெரிந்தது. அடிபடட்டும் என்றும் இருந்தது.

பட்டியலை எழுதி அனுப்பினேன். அவர் முதலில் அனுப்பியது ஒரு பழைய மராத்தி இசை இதழின் பக்கம். ஒரு பாடகரைப் பற்றிய செய்தி. கோணலாக எடுத்திருந்தார், ஓரத்தில் அவர் கட்டைவிரல். தேதி தெரிந்தது, வரிகள் தெரிந்தன, நான் சொன்னது அப்படியே இருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதே இதழ்தானா, அட்டை ஏன் இல்லை, இந்தத் தேதி வேறு பக்கத்தினுடையதாக இருந்தால்? அன்று இரண்டு பேருந்து மாறி அந்த இதழ் இருக்கும் நூலகத்துக்குப் போனேன்.

வாசிப்பறைக் கதவருகே நின்றுவிட்டேன். அவர் உள்ளே இருந்தார். என் பக்கம் முதுகு. பட்டியலில் இருந்த அடுத்த கதைக்கு வந்திருக்கிறார். மேசைமேல் அதே இசை இதழின் தடித்த தொகுப்பு ஒன்றைப் பிரித்துவைத்து, போனை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, கை நடுங்காமல் இருக்க மறுகையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, நிழல் விழாத இடம் தேடி நாற்காலியை விட்டு எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். தும்மினார். அவர் அருகில் போயிருக்கலாம். நான் போகவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வெளியே மழைக்கு ஒதுங்கியவர்களோடு நின்றுகொண்டேன். அவர் குடையை விரித்துத் தெருத் திரும்பும்வரை காத்திருந்தேன்.

பிறகு உள்ளே போய், அவர் சற்றுமுன் திருப்பிக் கொடுத்த அதே இசை இதழ்த் தொகுப்பைக் கேட்டேன். போனில் இருந்த படத்தையும் இதழின் பக்கத்தையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

தொகுப்பை எடுத்துக் கொடுத்த பணியாளர், இப்போதுதான் ஒரு பெரியவர் இதையே பார்த்துவிட்டுப் போனார், இருவரும் சேர்ந்து வந்தவர்களா என்று மராத்தியில் கேட்டார்.

இல்லை என்றேன்.